பழைய டிராக்டர்: கேட்காத வரை விற்பவர் சொல்ல வேண்டியதில்லை

சந்தையில் மாடு வாங்கப் போகிறவர் வெறுங்கையோடு திரும்பினாலும் திரும்புவாரே ஒழிய, பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்கமாட்டார். சுழி பார்ப்பார். நாலடி நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பார். ஏர் பழகியதா, முட்டுமா, தீனி தின்கிறதா என்று விற்பவரிடம் முகத்துக்கு நேரே கேட்பார். அதே விவசாயி, மாட்டைவிடப் பல மடங்கு விலை கொடுத்துப் பழைய டிராக்டர் வாங்கும்போது மட்டும், புதுப் பெயிண்டையும் டயரின் பட்டனையும் பார்த்துவிட்டு அட்வான்சை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்.

வாங்கிய வண்டி ஒரு மாதத்தில் சேற்றில் நின்றுவிட்டால், நஷ்டம் வண்டியின் விலையோடு போவதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கும். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும். வாடகை டிராக்டர்காரரோ ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வயல்களை முடிக்காமல் வரமாட்டார். ஒர்க் ஷாப்பில் பிரித்துப் பார்த்த மெக்கானிக், "இது முன்னமே உடைந்து ஒட்டின வண்டி, உங்களுக்குச் சொல்லவில்லையா?" என்று கேட்பார். அப்போதுதான் விஷயமே தெரியவரும்.

விற்றவருக்கு இது தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை. சட்டம் அவரைச் சும்மா விடுமா என்று கேட்டால், பலருக்கு வியப்பளிக்கும் பதிலே கிடைக்கிறது. பல சமயங்களில் விட்டுவிடும்.

குதிரை வியாபாரம்

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அப்போது டிராக்டர் ஏது, மோட்டார் ஏது? எனவே அதன் 17-வது பிரிவு, மோசடி என்றால் என்ன என்பதைக் குதிரையை வைத்து விளக்குகிறது. இன்று டிராக்டர் வழக்கு வந்தாலும் அந்தக் குதிரையைத் தொட்டுத்தான் வக்கீல்கள் வாதாட வேண்டியிருக்கிறது.

ஒருவர் தம் குதிரையை ஏலத்தில் விற்கிறார். அது நோயுற்ற குதிரை என்பது அவருக்குத் தெரியும். வாங்குகிறவரிடம் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். வெறும் மௌனம் குற்றமில்லை. பார்த்து வாங்குவது வாங்குகிறவர் பொறுப்பு.

அடுத்த உதாரணத்தில் குதிரையை வாங்குவது விற்பவரின் சொந்த மகள், அப்போதுதான் மேஜரானவள். இங்கே தகப்பனார் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. மகள் தகப்பனை நம்பித்தான் வாங்குவாள். ஆகவே குறையைச் சொல்லும் கடமை அவருக்கு உண்டு.

மூன்றாவது உதாரணம்தான் விவசாயிகளுக்கு மிகவும் வேண்டியது. வாங்குகிறவர் விற்பவரைப் பார்த்து, "நீங்கள் மறுக்காவிட்டால் இந்தக் குதிரைக்கு ஒரு குறையும் இல்லை என்று எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லிவிடுகிறார். விற்பவர் பேசாமல் இருக்கிறார். இங்கே அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். குதிரை நோயுற்றது என்று தெரிந்தே மௌனமாக இருந்திருந்தால் அது மோசடி.

முதல் உதாரணத்திலும் மூன்றாவதிலும் குதிரையின் நோய் ஒன்றுதான். விற்பவரின் மௌனமும் ஒன்றுதான். ஒரே ஒரு வித்தியாசம், வாங்குகிறவர் வாய் திறந்தார் என்பதே. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த நிலை மாறவில்லை.

நிலத்துக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று

நிலம் வாங்கி விற்பதில் பழகிய விவசாயிகளுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவின்படி, நிலத்தை விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியமான குறையைத் தாமாகவே சொல்லியாக வேண்டும். வாங்குகிறவர் சாதாரணமாகக் கவனித்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத குறையாக அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கவில்லையே என்று நிலத்தை விற்றவர் தப்ப முடியாது.

டிராக்டர் அசையும் சொத்து. அதற்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பொருந்தும். அதில் இப்படிப்பட்ட பொதுவான கடமை இல்லை. ஒன்றை மட்டும் அந்தச் சட்டம் விற்பவர் தலையில் வைத்திருக்கிறது. விற்பதற்கு அவருக்கு உரிமை இருக்க வேண்டும். வாங்குகிறவருக்குத் தெரிவிக்காத அடமானமோ பாத்தியதையோ வண்டியின் மேல் இருக்கக் கூடாது. இது 14-வது பிரிவு. ஆக, வங்கிக் கடனை மறைத்து விற்றால் விற்றவர் பதில் சொல்ல வேண்டும். கியர் பாக்ஸ் விரிசலைச் சொல்லாமல் விற்றால் சொல்ல வேண்டியதில்லை! நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான். ஆனால் இன்றுள்ள சட்டம் இதுதான்.

பெயிண்ட் அடித்தால் கதை மாறும்

சும்மா இருப்பது வேறு, மூடி மறைப்பது வேறு. தெரிந்த குறையை முனைந்து மறைப்பது மோசடி என்று அதே 17-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. டிராக்டர் விஷயத்தில் இந்த வேறுபாடு முக்கியமானது. காரணம், டிராக்டரின் உடம்பு அப்படி.

கார், லாரிகளில் என்ஜினையும் கியர் பாக்ஸையும் தாங்க அடியில் தனிச் சட்டமோ பாடியோ இருக்கும். பெரும்பாலான டிராக்டர்களில் அது கிடையாது. என்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் அச்சு ஹவுசிங் எல்லாம் ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு இணைக்கப்பட்டு, அவையே வண்டியின் முதுகெலும்பாக நிற்கின்றன. இவை வார்ப்பிரும்பால் ஆனவை. கரும்பு டிரெய்லரை இழுக்கும்போது முன்பக்கம் தூக்கிக் கவிழ்ந்தாலோ, வரப்பில் சாய்ந்து உருண்டாலோ ஹவுசிங்கில் விரிசல் காணும். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்வது எளிதான வேலையல்ல. சரியாகச் சூடேற்றி, மெதுவாக ஆறவிட்டுச் செய்யாவிட்டால், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும். ரொட்டவேட்டரை மாட்டி ஈர நிலத்தில் நாலு நாள் ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

விரிசலை அப்படியே விட்டுவிட்டு விற்றவர் பேசாமல் இருந்தால், "நீ ஏன் பார்க்கவில்லை?" என்று சட்டம் வாங்கியவரைத்தான் கேட்கும். சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே தெரிந்திருக்கக் கூடிய விஷயத்தில், வெறும் மௌனத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்பது 19-வது பிரிவு. வெல்டிங்கின் மேல் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, கண்ணுக்குத் தெரியாமல் செய்து விற்றாலோ அது மறைப்பு. மணி மீட்டரை மாற்றிக் குறைந்த மணி ஓடியதாகக் காட்டுவதும், வெளியூர் ஒர்க் ஷாப்பில் சேஸிஸ் எண்ணைத் திருத்துவதும் வாயால் சொல்லும் பொய்க்குக் கொஞ்சமும் குறைந்தவையல்ல. இவை சிவில் விவகாரத்தோடு நிற்பதில்லை. நேர்மையற்ற முறையில் உண்மையை மறைப்பதும் ஏமாற்றுதலே என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த விளக்கம், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவிலும் இருக்கிறது.

விற்பவர் சொல்லும் எல்லாச் சொல்லுக்கும் ஒரே மதிப்பு கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். பேரம் பொதுவாக இப்படித்தான் நடக்கும்:

"அண்ணே, வண்டி எப்படி?"

"தங்கமான வண்டி தம்பி. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு கோர்ட்டில் ஒன்றும் செய்ய முடியாது. தங்கமான வண்டி என்பது அபிப்பிராயம். விற்கிறவர் எல்லோரும் சொல்வதுதான். கேட்க வேண்டியது வேறு.

"அண்ணே, இந்த வண்டி எப்போதாவது கவிழ்ந்திருக்கிறதா? ஹவுசிங்கில் வெல்டிங் ஏதாவது உண்டா?"

இதற்கு "இல்லை" என்று சொன்னால் அது நடந்த விஷயத்தைப் பற்றிய கூற்று. பொய்யென்று ருசுவானால் ஒப்பந்தமே ஆட்டம் காணும். சில பேர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதுவும் ஒரு பதில்தான்.

தரகர் சொல்வதற்கு என்ன மதிப்பு? விற்பவரின் ஏஜண்டாக இருந்து தரகர் சொன்ன பொய், விற்பவரே சொன்னதற்குச் சமம் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 238-வது பிரிவு. ஆனால் கிராமத்துத் தரகர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவர். அவர் யாருடைய ஏஜண்ட் என்று நிரூபிப்பதற்குள் பல போகம் போய்விடும். வண்டிக்காரர் வாயாலேயே பதிலைக் கேட்டுக்கொள்வது உத்தமம்.

வெள்ளத்தில் கிடந்த வண்டி

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை வட்டாரத்திலும், அதே மாதம் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் மூழ்கின. முழு இன்ஷூரன்ஸ் உள்ள வண்டி இப்படிச் சேதமானால், ரிப்பேர் செலவு பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் அதை முழு நஷ்டம் என்று கணக்கிடுவது வழக்கம். நஷ்டஈடு கொடுத்த பிறகு எஞ்சிய வண்டி பழைய இரும்பு விலைக்கு ஏலம் போகும். அதை எடுத்தவர் துடைத்து, பிரித்து, பூட்டி ஓடவைத்துவிட்டால் அது மறுபடியும் வண்டிதான்.

பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் இப்படிப்பட்ட வண்டிகளை ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் இரு வகை மறுபடி சாலைக்கே வரக் கூடாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே சேதமடைந்து மீட்கப்பட்டது என்று முத்திரை விழும். நம் ஆர்.சி.யில் அதற்குக் கட்டமே இல்லை. ஓட்டத்துக்கு உதவாமல் அழிந்துபோன வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அதன் சொந்தக்காரர் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. தெரிவிக்காமல் விட்டால் வண்டி செத்தும் ஆர்.சி. உயிரோடு இருக்கும். அந்த ஆர்.சி.யைத் திருட்டு வண்டிக்குப் பொருத்துகிறவர்களும் உண்டு. வண்டியில் பொறித்துள்ள சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்காகவே.

மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு, விளக்குக் கண்ணாடிக்குள் சேற்றுக் கோடு, செல்ப் மோட்டாரும் டைனமோவும் ஒன்றாக மாற்றப்பட்டிருப்பது ஆகியவை சந்தேகத்துக்கு இடம் தருபவை. கியர் பாக்ஸ் எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். இதில் ஒரு விஷயம்: டெல்டாவில் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு செய்த வண்டிகளிலும் சீல் தேய்ந்து தண்ணீர் இறங்குவதுண்டு. ஆகவே எண்ணெயை மட்டும் பார்த்து வெள்ளத்தில் கிடந்த வண்டி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வண்டியைப் பார்க்கக் காலையில் போவது நல்லது. விற்பவர் முன்னதாகவே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். குளிர்ந்த என்ஜினில்தான் உண்மை தெரியும். விடாமல் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கலப்பையை மாட்டி ஹைட்ராலிக்கில் தூக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுச் சற்றுநேரம் பார்க்க வேண்டும். மளமளவென்று இறங்கினால் லிப்டில் கோளாறு. விலை பேசுவதற்கு முன் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அரை நாள் கூலி கொடுத்து அழைத்துப் போவதைச் செலவாக நினைக்கக் கூடாது.

இன்ஷூரன்ஸ் பாலிசியும் சில சமயம் கதை சொல்லும். முழு இன்ஷூரன்ஸ் எடுத்து ஓராண்டு க்ளெய்ம் எதுவும் செய்யாத வண்டிக்கு, அடுத்த ஆண்டில் 20 சதவிகிதம் போனஸ் கழிவு கிடைக்கும். ஐந்தாண்டில் அது 50 சதவிகிதம் வரை உயரும். பல வருஷங்களாக ஒழுங்காகப் பாலிசி எடுத்துவரும் வண்டிக்கு அந்தக் கழிவு திடீரென்று இல்லாமல் போயிருந்தால், ஏன் என்று கேட்கலாம். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள வண்டிகளில் இந்த வழி உதவாது.

டீலரிடம் வாங்கினால்

பழைய வண்டி வியாபாரத்தையே தொழிலாகச் செய்கிறவரிடம் வாங்கும்போது நிலைமை கொஞ்சம் மேல். இன்ன வேலைக்கு வேண்டும், உங்கள் யோசனையை நம்பித்தான் வாங்குகிறேன் என்று சொல்லி வாங்கினால், அந்த வேலைக்கு வண்டி தக்கதாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அமைந்த நிபந்தனை ஆகிறது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு இது. "ரொட்டவேட்டர் ஓட்ட வேண்டும், ஐந்து டன் டிரெய்லர் இழுக்க வேண்டும்" என்று வாயால் சொல்வதோடு நில்லாமல் ரசீதிலும் எழுதச் செய்வது நல்லது.

இதிலிருந்து தப்ப டீலர்கள் வைத்திருக்கும் வாசகம் "உள்ளது உள்ளபடி". வங்கிகள் கடனுக்குப் பிடித்த டிராக்டரை ஏலம் விடும்போதும் இதே வாசகம் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் சொல்லாமல் அமையும் நிபந்தனைகளை இழக்க நேரிடும். அப்படிக் கையெழுத்து வாங்கினாலும், பொய் சொல்லி ஏமாற்றியதற்கு அது கவசமாகாது.

2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதிகள் வந்திருக்கின்றன. வண்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைத் தெளிவாக்கவே அவை வந்தன; என்ஜினின் பூர்வோத்தரத்தைச் சொல்லவைக்க அல்ல.

நாலு வரி எழுதி வாங்க வேண்டும்

கேட்ட கேள்வியும் வந்த பதிலும் காற்றில் போய்விடாமல் இருக்க, விற்பனை ரசீதிலேயே அவற்றை எழுதி வாங்குவதுதான் வழி. பெரிய பத்திரம் தேவையில்லை. "இந்த டிராக்டர் என் கைவசம் இருந்த காலத்தில் கவிழவோ, விபத்தில் சிக்கவோ, வெள்ளத்தில் மூழ்கவோ இல்லை. என்ஜின் பிளாக், கியர் பாக்ஸ், ஹவுசிங் ஆகியவற்றில் விரிசலோ வெல்டிங்கோ இருப்பதாக எனக்குத் தெரியாது. மணி மீட்டர் மாற்றப்படவில்லை. இதை நம்பியே வாங்குபவர் வாங்குகிறார்" என்று எழுதி, சேஸிஸ் எண், என்ஜின் எண், மீட்டர் காட்டும் மணி ஆகியவற்றைக் குறித்து, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, விற்பவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால் போதும். உண்மையிலேயே வெல்டிங் உண்டு என்றால் அதையும் எழுதிக்கொண்டு விலையைக் குறைத்து வாங்குவதில் தவறில்லை. நன்றாகச் செய்த வெல்டிங்கோடு பல வருஷம் உழுகிற வண்டிகளும் இருக்கின்றன.

நேர்மையாக விற்கிறவருக்கும் இது பாதுகாப்பே. பழுதைச் சொல்லித்தான் விற்றேன் என்பதற்கு அவர் கையில் ஒரு நகல் இருக்கும். விற்கிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் அவரும், 30 நாட்களுக்குள் வாங்கியவரும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். 29, 30-ஆம் எண் படிவங்கள் இதற்கானவை. வங்கிக் கடன் தீர்ந்திருந்தால் 35-ஆம் எண் படிவத்தில் வங்கியின் கையெழுத்தும் வேண்டும். விற்றுவிட்டோம் என்று பேசாமல் இருந்தால், அந்த வண்டி விபத்து செய்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கே என்று நவீன் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

பழுது தெரிந்த பிறகு

மறைத்து விற்றது தெரிந்ததும் முதல் வேலை, வண்டியை நிறுத்துவது. பருவம் போகிறதே என்று கட்டி ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தால், குறை தெரிந்தும் வண்டியை ஏற்றுக்கொண்டார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அப்போது வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டுமே மிஞ்சக்கூடும். பிரித்த நிலையில் போட்டோ எடுத்து, மெக்கானிக்கிடம் எழுத்து மூலம் ரிப்போர்ட் வாங்கி, விற்றவருக்கு உடனே தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கழற்றிய பாகங்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடக் கூடாது. அவைதான் சாட்சி.

தனி நபரிடம் வாங்கியிருந்தால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மோசடி தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். டீலரிடம் வாங்கியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே கெடு இரண்டு ஆண்டுகள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய டிராக்டரை வர்த்தக நோக்கில் வாங்கியது என்று தள்ளிவிட முடியாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்கு விளக்கம் உண்டு. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் விவசாயி தாமே நின்று பேசவும் அங்கே அனுமதி உண்டு.